ஒரு ரூபாய்க்கு எத்தனை நல்ல நாட்கள்? மருத்துவச் செலவை எடைபோடும் முறை

அரசு மருத்துவமனையில் புதிய பிரிவு தொடங்குவதா, இருக்கும் பிரிவுக்கே கூடுதல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் போடுவதா, அந்தப் பணத்தை விபத்தும் நோயும் வராமல் தடுக்கும் வேலைக்குத் திருப்புவதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேட உதவும் கணக்குக்கு முடிவெடுப்பு மாதிரி என்று பெயர். முன்னால் இருக்கும் வழிகள் எவை, ஒவ்வொரு வழியிலும் போனால் என்னென்ன நடக்கலாம், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதற்கு என்ன செலவு, அதனால் மக்களுக்கு எவ்வளவு ஆயுளும் நலமும் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிப் பார்ப்பதே இதன் சாரம்.

இந்தக் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் எளியது. மருத்துவத்துக்கு ஒதுக்கப்படும் பணம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஓரிடத்தில் செலவழித்த பணம் இன்னோரிடத்துக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு சிகிச்சை நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. அதே பணத்தை வேறு எதில் போட்டால் இன்னும் அதிகம் பேர் பிழைப்பார்கள், இன்னும் நலமாக வாழ்வார்கள் என்றும் கேட்க வேண்டும். செலவு குறைந்த வழி எப்போதும் சிறந்த வழியாகிவிடாது. கூடுதலாகச் செலவாகும் வழியும் அந்தக் கூடுதலுக்குத் தகுந்த பலனைத் தந்தால் ஏற்கத்தக்கதே. இதைத்தான் செலவுக்கேற்ற பயன் என்கிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இந்த வறண்ட மண்ணில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பிழைப்பே பட்டாசும் தீப்பெட்டியும்தான். நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இங்கிருந்து போகிறது என்பது தொழில்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த விபத்து 20 பேருக்கு மேல் பலிகொண்டது. பெரிய விபத்துகள்தான் நாடெங்கும் செய்தியாகின்றன. ஓரிருவர் கருகும் சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. இந்த மக்களுக்கான மருத்துவப் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

சென்னையில் போட்ட வித்து

ஒரே நோய்க்கு இரண்டு வழிகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டு, மலிவான வழியும் சமமான பலன் தரும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்கையில் கிடந்து, நல்ல உணவு உண்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அந்நாளைய மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்த இந்தியாவில் அத்தனை பேருக்கும் படுக்கை கொடுக்க எந்த அரசாலும் முடியாது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவும் ஓய்வும் குறைவாகவே கிடைத்தன. இருந்தும் இரு பகுதியினரின் முடிவுகளும் நெருக்கமாகவே இருந்தன. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருத்துவச் சிகிச்சைகளின் செலவுக்கேற்ற பயனை மதிப்பிடும் தேசிய ஏற்பாட்டின் மண்டல மையங்களில் அதுவும் ஒன்று. 1956இல் நோயாளிகளை வைத்து நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் எல்லாக் கேள்விக்கும் அப்படிச் சோதனை நடத்திப் பார்க்க முடியாது. சில கேள்விகளுக்கு விடை தெரிய முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். சிலவற்றைச் சோதித்துப் பார்ப்பதே அறமாகாது. அங்கேதான் மாதிரி கைகொடுக்கிறது. பல இடங்களில் பல ஆய்வுகள் சொன்ன துண்டுத் துண்டான உண்மைகளை அது ஒரே கணக்கில் கோத்துத் தருகிறது.

பயனை அளப்பது எப்படி?

செலவை ரூபாயில் அளந்துவிடலாம். பயனை எதில் அளப்பது? எத்தனை உயிர் பிழைத்தது என்று எண்ணுவது முதல் வழி. ஆனால் கை விரல்கள் ஒட்டிப்போய், கழுத்துத் தோல் சுருங்கி, இனி வேலைக்கே போக முடியாமல் பிழைத்தவரும், முழுக்கக் குணமாகி வீடு திரும்பியவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகிவிடுவார்கள். இந்தக் குறையைப் போக்க ஆயுளின் நீளத்தோடு அதன் தரத்தையும் சேர்த்து அளக்கிறார்கள். முழு நலத்தோடு வாழும் ஓராண்டுக்கு மதிப்பு 1; இறப்புக்கு 0. வலியும் முடக்கமும் உள்ள ஓராண்டு இரண்டுக்கும் இடையில் 0.6 என்றோ 0.8 என்றோ மதிப்புப் பெறும். இப்படிக் கூட்டி வருவது தரம் சேர்த்த வாழ்வாண்டு.

இந்த மதிப்புகளை மருத்துவர் தம் விருப்பம்போல் போடுவதில்லை. நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைப் பற்றிய கேள்விகளைப் பொதுமக்களிடம் கேட்டு, எந்த நிலைக்கு அவர்கள் எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியர்களிடம் கேட்டு உருவாக்கிய மதிப்புப் பட்டியல் 2022இல் வெளியானது. அதற்கு முன்பு வெளிநாட்டு மக்களின் மதிப்புகளைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. இதே நோக்கில், நோயாலும் முடக்கத்தாலும் அகால மரணத்தாலும் இழந்த ஆண்டுகளை எண்ணும் இன்னோர் அளவும் உண்டு. உலக வங்கியின் 1993 வளர்ச்சி அறிக்கை வழியாக அது பரவலாயிற்று.

எதிர்காலத்தில் கிடைக்கும் ஆண்டுகளையும் வருங்காலச் செலவையும் அப்படியே கூட்டுவதில்லை. இன்று கையில் இருக்கும் பலனுக்கு மக்கள் தரும் மதிப்பு, முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் பலனுக்குத் தருவதைவிட அதிகம். அதனால் ஆண்டுக்கு ஒரு விகிதத்தில் கழித்துக்கொள்கிறார்கள். இந்திய வழிகாட்டுதலில் அது 3 விழுக்காடு. இந்தக் கழிவின்படி இனி வாழப்போகும் 30 ஆண்டுகளின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 20 ஆண்டுகள்.

சிவகாசியில் ஒரு முடிவு மரம்

மாதிரிகளில் எளியது முடிவு மரம். முதல் கிளைகள் எடுக்கக்கூடிய முடிவுகள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் நடக்கக்கூடிய விளைவுகள் கிளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பளவு இருக்கும். நுனியில் செலவும் பயனும் இருக்கும்.

தீக்காயச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம். மருந்துக் கலவை அறையில் உராய்வு ஏற்பட்டுத் தீப்பிடித்தால் ஒருவர் உடலின் பெரும்பகுதி நொடிகளில் வெந்துவிடும். வெந்த தோல் வழியாக உடலின் நீர் வேகமாக வெளியேறும். முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவத்துக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு: உடல் எடையை வெந்த பரப்பின் விழுக்காட்டால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் மில்லி லிட்டர் கணக்கு வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 விழுக்காடு வெந்திருந்தால் 9,600 மில்லி லிட்டர், அதாவது ஒன்பதரை லிட்டருக்கு மேல். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அந்த எட்டு மணி, மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. தீப்பட்ட நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. சிவகாசியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தூரம் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இரண்டு வழிகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் வழியில், கடுமையான தீக்காயம் பட்டவருக்கு உள்ளூரில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் வழியில், சிவகாசியிலேயே தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் இரவு பகலாக நிபுணர்களும் தோல் ஒட்டு அறுவை வசதியும் உள்ள பிரிவை நடத்துகிறார்கள். கீழே வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. எந்த மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

ஆண்டுக்கு 100 பேர் கடுமையான தீக்காயத்தோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வழியில் 60 பேர் பிழைக்கிறார்கள். அவர்களில் 30 பேருக்கு நிரந்தர ஊனம். இரண்டாம் வழியில் 70 பேர் பிழைக்கிறார்கள். அவர்களில் 21 பேருக்கு ஊனம். பிழைத்தவருக்கு இன்னும் 30 ஆண்டு வாழ்க்கை, கழிவு போக 20 ஆண்டு. ஊனமின்றிப் பிழைத்தவரின் ஓராண்டுக்கு 0.9, ஊனத்தோடு வாழ்பவரின் ஓராண்டுக்கு 0.6.

முதல் வழியின் பயன்: ஊனமற்ற 30 பேருக்கு 540, ஊனமுற்ற 30 பேருக்கு 360, ஆக 900 தரம் சேர்த்த வாழ்வாண்டுகள். இரண்டாம் வழியில் ஊனமற்ற 49 பேருக்கு 882, ஊனமுற்ற 21 பேருக்கு 252, ஆக 1,134. கூடுதலாகக் கிடைப்பது 234 ஆண்டுகள்.

இனிச் செலவு. முதல் வழியில் ஒருவருக்கு ஒன்றரை இலட்சம், நூறு பேருக்கு ஒன்றரைக் கோடி. இரண்டாம் வழியில் ஒருவருக்கு இரண்டு இலட்சம், அதோடு பிரிவை நடத்தும் நிலையான செலவு ஆண்டுக்கு ஒரு கோடி. ஆக மூன்று கோடி. கூடுதல் செலவு ஒன்றரைக் கோடி. இதை 234ஆல் வகுத்தால் ஒரு நல்ல ஆண்டைப் பெறக் கூடுதலாகக் கொடுக்கும் விலை சுமார் 64,000 ரூபாய். இந்தத் துறையில் எல்லா ஒப்பீடுகளும் கடைசியில் வந்து நிற்பது இத்தகைய ஒரு விலையில்தான்.

எது ஏற்கத்தக்க விலை?

ஒரு நல்ல ஆண்டுக்கு 64,000 ரூபாய் என்பது அதிகமா, குறைவா? இதற்கு ஓர் எல்லைக்கோடு தேவை. நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி மதிப்பை எல்லையாகக் கொள்வது இந்தியாவில் பின்பற்றப்படும் வழக்கம். அது இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது; இங்கே கணக்குக்காக இரண்டு இலட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் பார்த்தால் மேற்சொன்ன பிரிவு ஏற்கத்தக்கதே. பிரிட்டனில் இத்தகைய மதிப்பீட்டுக்காக 1999இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை எல்லையாக வைத்திருந்தது. தாய்லாந்து 2007இல் இதற்கெனத் தனி நிறுவனம் அமைத்து, எல்லா மக்களுக்குமான மருத்துவத் திட்டத்தில் எந்தச் சிகிச்சையைச் சேர்ப்பது என்பதற்கு அதன் ஆலோசனையைப் பெறுகிறது.

இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017இல் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு உருவானது. அதன் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் பற்றியது. சிறு கீறல் அறுவையும் மடங்காத வகை லென்ஸுமே நம் நாட்டுப் பொது மருத்துவத்துக்குச் செலவுக்கேற்ற பயன் தருபவை என்று அது கண்டது. தென் மாவட்டத்தாருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் தன் உற்பத்தி அமைப்பான அரோலேப் மூலம் லென்ஸை உள்நாட்டிலேயே செய்து விலையைப் பெருமளவு குறைத்து, சிறு கீறல் அறுவையைப் பெருந்திரளான மக்களுக்குச் செய்து காட்டியது. நடைமுறையில் நிறுவப்பட்ட வழியைக் கணக்கும் உறுதிசெய்தது.

ஆண்டுகள் உருளும் நோய்களுக்கு

தீக்காயம் சில வாரங்களில் தன் போக்கைக் காட்டிவிடும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காசநோயும் அப்படியல்ல. ஒருவர் குணமாவதும் மீண்டும் விழுவதும் பல ஆண்டு நடக்கும். முடிவு மரத்தில் இதை வரைந்தால் கிளைகள் எண்ணிலடங்காமல் போய்விடும். இதற்கு ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவின் பெயரால் வழங்கும் மாதிரி உதவுகிறது. நலம், நோய், சிக்கல், மரணம் என்று சில நிலைகளை வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று கணக்கிட்டுக்கொண்டே போவது அதன் முறை.

தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் நடுவயதுப் பெண்கள் 1,000 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் கட்டுப்படாவிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்குப் பக்கவாதம், கட்டுப்பட்டால் ஒருவருக்கு என்று கொண்டால், பத்தாண்டில் முதல் பிரிவில் சுமார் 183 பேரும் இரண்டாம் பிரிவில் சுமார் 96 பேரும் பாதிக்கப்படுவார்கள். ஓராண்டில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு பத்தாண்டில் 87 குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போல, வீடு தேடிச் சென்று மாத்திரை கொடுக்கும் திட்டத்தின் பலனை ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட்டால் அது குறைவாகவே தெரியும். செலவு இன்றே கண்ணில் படுகிறது. வராமல் போன பக்கவாதம் யார் கண்ணிலும் படுவதில்லை. அதைப் பார்க்க வைப்பது இந்த மாதிரியின் பெரிய உதவி.

யாருடைய செலவு?

மருத்துவமனையின் கணக்குப் புத்தகத்தில் மருந்து, படுக்கை, சம்பளம் ஆகியவை இருக்கும். ஒரு குடும்பம் செலவழிப்பது அங்கே இருக்காது. மதுரையில் வார்டுக்கு வெளியே துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், அறை வாடகை, அவர் இழக்கும் கூலி, அதற்காக வாங்கும் வட்டிக் கடன், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை என்று அது நீளும். எத்தனை பொருள் செய்தார் என்று எண்ணிக் கூலி பெறுபவருக்கு வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. பதிவு பெற்ற ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு ஈஎஸ்ஐ உதவி உண்டு. உள்குத்தகையிலும் வீடுகளிலும் கள்ளத்தனமாக நடக்கும் வேலையில் சேர்ந்தவருக்கு அதுவும் கிடைக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், கூலி இழப்பை அது தாங்காது.

ஆகவே அரசின் செலவை மட்டும் பார்ப்பதா, சமூகம் முழுவதன் செலவையும் பார்ப்பதா என்பதைக் கணக்குத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில், மதுரைக்குப் போனால் ஒரு குடும்பத்துக்கு 30,000 ரூபாயும் சிவகாசியிலேயே இருந்தால் 10,000 ரூபாயும் கைச்செலவு என்று வைத்துக்கொண்டால், நூறு குடும்பங்களுக்கு 20 இலட்சம் மிச்சமாகிறது. அதைக் கழித்தால் ஒரு நல்ல ஆண்டின் விலை 64,000லிருந்து சுமார் 55,500 ரூபாயாகக் குறைகிறது. ஏழையின் செலவை எண்ணாமல் விட்டால், ஏழைக்கு உதவும் திட்டம் உண்மையில் இருப்பதைவிட விலை கூடியதாகத் தெரியும்.

எண்களை அசைத்துப் பார்ப்பது

மாதிரியில் போடும் எண்கள் எல்லாம் துல்லியமானவை அல்ல. ஒவ்வொன்றையும் கூட்டியும் குறைத்தும் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சோதிப்பது இந்த வேலையின் நேர்மையான பகுதி. சிவகாசிப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 பேருக்குப் பதில் 20 பேர்தான் வருகிறார்கள் என்றால், நிலையான செலவான ஒரு கோடி அந்த 20 பேர் தலையில் விழுகிறது. ஒரு நல்ல ஆண்டின் விலை சுமார் 2,35,000 ரூபாயாகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 24 பேர் வந்தால்தான் விலை இரண்டு இலட்சத்துக்குள் நிற்கும். இதிலிருந்து அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிறது: இந்த வட்டாரத்தில் கடுமையான தீக்காயம் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு? பதிவேடுகளை ஒழுங்காகச் சேர்த்தால் விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சோதனை. புதிய பிரிவு 70 பேருக்குப் பதில் 64 பேரைத்தான் பிழைக்க வைக்கிறது, ஊனமும் குறையவில்லை என்று கொண்டால் கூடுதல் பயன் 60 ஆண்டுகள்தான். அப்போது விலை இரண்டரை இலட்சம் ஆகிறது. கட்டடமும் கருவியும் வந்து, இரவில் பணிபுரியும் நிபுணர் வராவிட்டால் நடப்பது இதுதான். ஒரு பிரிவின் மதிப்பு அதன் திறப்பு விழாவைப் பொறுத்ததல்ல. அங்கே வேலை செய்யும் கைகளைப் பொறுத்தது. எண்கள் பலவற்றையும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை கணினியில் மாற்றிப் பார்த்து, எத்தனை முறை முடிவு எல்லைக்குள் நின்றது என்று சொல்லும் முறையும் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு முறை நின்றால் துணிந்து செய்யலாம். ஐம்பது முறைதான் என்றால் இன்னும் தகவல் திரட்ட வேண்டும்.

வழிகளைக் கூட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனையே. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. சிவகாசியிலிருந்து அது மதுரையைவிட வெகு அருகில் இருக்கிறது. உள்ளூரில் திரவம் ஏற்றி நிலைப்படுத்தி, அறுவைக்கு விருதுநகருக்கு அனுப்புவது என்ற மூன்றாவது வழியையும் மரத்தில் சேர்க்க வேண்டும். இருக்கும் நல்ல வழி ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஒப்பிடும் மாதிரி தவறான விடையையே தரும்.

மரம் எங்கே முளைக்கிறது?

மேலே வரைந்த மரம் மருத்துவமனை வாசலில் தொடங்கியது. வெடி விபத்தில் அந்த இடத்திலேயே இறந்தவர் அதில் எங்குமே இல்லை. அவருக்கு எந்தச் சிகிச்சையும் பயன்படப் போவதில்லை என்பதால், சிகிச்சை மாதிரியில் அவருடைய உயிர் எண்ணப்படவே இல்லை. முதலிப்பட்டியில் முதல் வெடிப்புக்குப் பின் உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த ஊர்மக்களும் இறந்தார்கள். பட்டாசு வட்டாரத்துக்கான கணக்கு மருந்துக் கலவை அறையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அப்படித் தொடங்கினால் தடுப்பு என்ற கிளை முளைக்கும். போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி, அறைக்கு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைப்பதைத் தடுக்கும் ஆய்வு, உள்குத்தகையை ஒழிப்பது, கலவை வேலைக்குத் தனி ஏற்பாடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி செலவு என்று வைத்துக்கொள்ளலாம். அதே 100 பேரில் 10 பேர் தீக்காயமே படாமல் தப்பினால், ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 11 ஆண்டு (முழு நலத்தோடு வாழும் 20 ஆண்டுக்கும், முதல் வழியில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் 9 ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு) வீதம் 110 ஆண்டுகள் கிடைக்கின்றன. அவர்களின் சிகிச்சைச் செலவு 15 இலட்சம் மிச்சம். விலை சுமார் 77,000 ரூபாய். 20 பேர் தப்பினால் விலை சுமார் 32,000 ரூபாயாகக் குறைந்து, தீக்காயப் பிரிவைவிட மலிவாகிறது. இந்தக் கணக்கில் அந்த இடத்திலேயே இறப்பவர்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. அவர்களில் ஒருசிலர் காப்பாற்றப்பட்டாலும் தடுப்பின் பக்கம் தட்டு மேலும் தாழும்.

இதனால் சிகிச்சைப் பிரிவு வேண்டாம் என்று ஆகாது. இரண்டும் எல்லைக்குள் இருந்தால் இரண்டையும் செய்யலாம். ஆனால் இந்த இரண்டு செலவுகளும் அரசின் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. மருத்துவமனை சுகாதாரத் துறையுடையது. ஆலை ஆய்வு தொழிலகப் பாதுகாப்புத் துறையுடையது. நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்ற பெரிய ஆலைகளின் மீது அந்த அமைப்புக்கும் பொறுப்பு உண்டு. ஒவ்வொரு துறையும் தன் பணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும்போது, எந்தத் துறையின் ஏட்டிலும் தடுப்பின் முழுப் பலன் வரவாகத் தெரிவதில்லை.

மாதிரியால் ஆகாதவை

மாதிரி முடிவெடுப்பதில்லை, முடிவெடுப்பவருக்கு உதவுகிறது. எல்லாருடைய ஓராண்டும் சம மதிப்புடையது என்று அது கொள்கிறது. அது நியாயமே என்றாலும், ஏற்கெனவே எல்லா வகையிலும் பின்தங்கியவருக்கு முன்னுரிமை தர வேண்டுமா என்பதை அது தானாகச் சொல்லாது. விருதுநகர் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அங்குள்ள பட்டாசுத் தொழிலாளிக்குக் கூடுதல் அக்கறை காட்ட வேண்டுமா என்பது அறத்தின் கேள்வி. அதற்கு மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும்தான் விடை சொல்ல வேண்டும். மேலும் இரண்டு இலட்சம் என்ற எல்லைக்கோடு இயற்கை வகுத்ததல்ல. தனிநபர் உற்பத்தியை அப்படியே எல்லையாக்குவது சரியா என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களே கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஓர் எல்லைக்குள் வந்துவிட்டதாலேயே அரசிடம் அதற்கான பணம் இருக்கிறது என்றும் பொருளில்லை.

மாதிரியைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது. வேண்டிய விடை வரும்வரை எண்களை மாற்றி, வந்த விடையை மட்டும் வெளியிடலாம். இதற்கு மருந்து ஒன்றுதான்: எந்த எண் எங்கிருந்து வந்தது, எது ஆய்வு, எது ஊகம் என்று எல்லாவற்றையும் வெளிப்படையாக வைப்பது. கணக்குப் போடாமல் எடுக்கும் முடிவிலும் ஊகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கின்றன. மாதிரி அவற்றை எழுத்தில் கொண்டுவந்து வைக்கிறது. எழுத்தில் இருப்பதை எவரும் கேள்வி கேட்கலாம்.

சிவகாசிப் பட்டாசு வட்டாரத்துக்கு இப்படியொரு கணக்கைப் போடத் தேவையானவை எட்டாத தூரத்தில் இல்லை. மதிப்பீடு செய்யத் தெரிந்த நிறுவனம் சென்னையில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. தீக்காய நோயாளிகளின் பதிவுகள் மருத்துவமனைகளில் இருக்கின்றன. விபத்து விவரங்கள் காவல் நிலையங்களிலும் ஆய்வுத் துறைகளிலும் இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து, கலவை அறையிலிருந்து தொடங்கி, தொழிலாளியின் வீட்டுச் செலவு வரை எண்ணி, முடிவை மக்கள் முன் வைப்பது அரசின் கடமை. அப்படி ஒரு கணக்கு வரும்வரை, விபத்துக்குப் பின் கொடுக்கும் நிவாரணத் தொகையையே இந்த மக்களின் உயிருக்கான விலையாக எவரும் ஏற்கக் கூடாது.